காத்திருக்கத் தெரியாத அத்தான்

அத்தானோடு போய் நான் ஒரு படத்தையும் முடிவுவரை பார்த்ததில்லை. கடைசிக் காட்சி நெருங்குகிறது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். வெளியே கார் எடுக்கிற இடத்தில் சனம் நெருக்கும் என்று சொல்லி எழும்பிவிடுவார். அக்காவும் நானும் இருட்டில் மற்றவர்களுடைய கால்களை மிதித்துக்கொண்டு பின்னால் போவோம். யார் யாரைக் கட்டினார்கள், யார் செத்தார்கள் என்பதை அடுத்த கிழமை வேலையிடத்தில் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

அவர் என் அக்காவின் கணவர். எங்களைப்போன்ற நிறக்காரருக்கும் அவுஸ்திரேலியா கதவைத் திறந்த கையோடு மெல்பேர்ணுக்கு வந்து இறங்கியவர். ஓர் அரசத் திணைக்களத்தில் எஞ்சினியர். அணைக்கட்டு, வாய்க்கால் சம்பந்தமான வேலை. பிறகு அக்காவை எடுப்பித்தார், அதன் பிறகு என்னையும். நான் ஓர் ஆஸ்பத்திரி லபோரட்டரியில் வேலைசெய்துகொண்டு நகரத்துக்குக் கிட்ட ஓர் அறையில் இருந்தேன். சனி ஞாயிறுகளில் போரோனியாவில் அவர்கள் வாங்கியிருந்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

கல்யாணத்தன்றே அவருடைய குணம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். தம்பி, இன்னும் நேரம் இருக்கு என்று ஐயர் தடுக்க, மண்டபம் முழுக்கச் சிரித்தது. குனிந்த தலையோடு அக்காவும் சிரித்தாளாம். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் இருந்த பயம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

புட்டு அவிய முன்னம் மூடியைத் திறந்து பார்ப்பார். ட்ராம் நிற்க இரண்டு தரிப்பு இருக்கும்போதே எழும்பி வாசலில் நிற்பார். யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரவே இரண்டு கிழமை எடுக்கும். இவர் நாலாம் நாளே தபால்காரனை மறித்துப் பதில் வந்ததா என்று கேட்பார். பல் வைத்தியர், வங்கி மனேஜர், கூரைக்கு ஓடு போட வந்தவன் எல்லாரிடமும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். எவ்வளவு காலம் எடுக்கும்?

அந்த அவசரத்தால் நன்மை பெற்றவர்களும் உண்டு, நானே அதில் ஒருத்தி. அம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று தந்தி வந்த அன்று, நான் அழுது முடிக்கும் முன் விமான ரிக்கெற்றோடு வந்து நின்றார். புதிதாக வந்த தமிழ்ப் பெடியள் பெட்டியைத் திறக்கும் முன்னம், வேலை விளம்பரங்களைச் சிவப்பு மையில் சுழித்த பேப்பரோடு அவர்கள் வாசலில் நிற்பார். அம்மாவின் முகத்தை நான் உயிரோடு பார்த்தது அவருடைய அவசரத்தால்தான். அதை மறந்துவிட்டு மற்றதை எழுதினால் அது நியாயமாகாது.

மகள் சுபாவுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் ஒரு சொல்லும் கதைக்கத் தொடங்கவில்லை. காது நன்றாகக் கேட்டது. சொன்னதெல்லாம் விளங்கியது. செருப்பை எடுத்துவா என்றால் சோடி பார்த்து எடுத்து வருவாள். வாய் மட்டும் திறக்காது. டொக்டர் சோதித்துவிட்டு, சில பிள்ளைகள் பிந்தித்தான் கதைப்பார்கள், பொறுங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று அத்தான் கேட்டார். அது சொல்ல முடியாது என்றார் டொக்டர். அத்தான் வேறு டொக்டரிடம் போனார். அவர், வீட்டில் இரண்டு பாஷை கதைத்தால் பிள்ளை குழம்பும், இங்கிலிஷ் மட்டும் கதையுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் அந்த வீட்டில் தமிழ் நிறுத்தப்பட்டது. அக்காவுக்குக் கடைக்குப் போய்வருகிற அளவு இங்கிலிஷ்தான் தெரியும். அந்த மாதம் முழுக்கப் பிள்ளையும் தாயும் ஒரே மாதிரி இருந்தார்கள், பேச்சில்லாமல். பிறகு அத்தானே அலுத்துப்போய் அதைக் கைவிட்டார்.

அந்த ஒக்டோபரில் நாங்கள் எல்லாரும் நகரத்துப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். புல்வெளி நடுவே மிகப் பெரிய மரம் ஒன்று பூத்து நின்றது. விரித்த கைபோல இலை. கொப்புக்குக் கொப்பு, நிமிர்த்தி வைத்த மெழுகுதிரிபோல வெள்ளைப் பூங்கொத்து. ஹோர்ஸ் செஸ்ட்நட் என்று அடியில் எழுதியிருந்தது. சுபா அத்தானின் தோளில் இருந்தாள். மரத்தின் கீழே வந்ததும் இரண்டு கையையும் மேலே நீட்டி, "பூ" என்று ஏதோ சொன்னாள். சொல்லா, வெறும் மூச்சா என்று எனக்கு நிச்சயமில்லை. அக்காவுக்கும் நிச்சயமில்லை. அத்தானுக்கு மட்டும் துளியும் சந்தேகமில்லை. அவர் பிள்ளையைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கினார். "பூ. சொல்லம்மா, பூ." பிள்ளை பிறகு சொல்லவில்லை. பூ உதிர்ந்து முடியும்வரை மூன்று கிழமை ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார்கள். அப்போதும் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த மரம் வீட்டில் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். மலையடிவாரத்தில் கன்று விற்கிற நேர்சரி ஒன்றுக்கு நானும் கூடப் போனேன். சேற்றுச் சப்பாத்தோடு நின்ற ஒரு வெள்ளைக்காரி அவர் கேட்டதற்கெல்லாம் ஆறுதலாகப் பதில் சொன்னாள். விதையிலிருந்து வந்த மரம் முதல் பூ பூக்கப் பதினைந்து வருஷம் எடுக்கும், சிலதுக்கு இருபதும் ஆகும். நல்ல வருஷத்தில் ஓர் அடி, ஒன்றரை அடி வளரும், கெட்ட வருஷத்தில் அதுவும் இல்லை. பூங்காவில் நீங்கள் பார்த்த அளவுக்கு வர ஐம்பது அறுபது வருஷமாவது வேண்டும். அது இருநூறு வருஷம் நிற்கிற மரம், அதற்கு அவசரமில்லை என்றாள்.

அத்தான் அவளோடு தர்க்கித்தார். பூக்கிற வயதில் ஒரு மரம் கிடைக்காதா, லொறியில் ஏற்றிவர முடியாதா, என்ன செலவானாலும் பரவாயில்லை என்றார். அவள் சிரித்துவிட்டு, சின்னக் கன்றுதான் மண்ணோடு கெதியில் ஒட்டும் என்றாள். அவர் கேட்கவில்லை. அங்கே நின்றதிலேயே உயரமான, ஆளுயரக் கன்றை வாங்கிக் கார்க் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்து, சுபாவின் ஜன்னலுக்கு நேரே நட்டார்.

அந்த மரத்தை அவர் பாடுபடுத்தியதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், பயமும் வரும். வேலையால் வந்ததும் கழுத்துப் பட்டியைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னே போய் நிற்பார். வாளியில் பசளை உரம் கரைத்து, சொன்ன அளவுக்கு இரண்டு மடங்காக ஊற்றினார். ஜனவரியில் வடக்கிலிருந்து நெருப்புப்போலக் காற்றடித்து இலையெல்லாம் கருகியதும், வெயில் கூடிப்போச்சு என்று கிண்டி வீட்டின் மறுபக்கம் நட்டார். அங்கே வெளிச்சம் போதாது என்று திரும்பவும் கிண்டினார். நேர்சரிக்காரியிடம் முறையிடப் போனபோது, ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் அது இரண்டு மூன்று வருஷம் வளராமல் நிற்கும், மேலே ஒன்றும் நடக்காததுபோல இருந்தாலும் கீழே வேர் விட்டுக்கொண்டிருக்கும் என்றாளாம். விடுகிறதென்று எப்படித் தெரியும் என்று இவர் கேட்டிருக்கிறார். கிண்டாமல் இருந்தால் அடுத்த வசந்தத்தில் தெரியும் என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஒரு பக்க மண்ணை விலக்கி வேரைப் பார்த்தார். நான் அங்கே நின்றேன். முழங்காலில் இருந்து, விரலால் மண்ணைத் தட்டித் தட்டி, காயத்துக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையையும் அப்படித்தான் பார்த்தார். படங்களை வெட்டி மட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, இது என்ன, இது என்ன என்று கேட்பார். பிள்ளை படத்தைப் பார்க்காமல் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் போடமாட்டார், அடிக்கமாட்டார். கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்விகளின் ஒலி வீட்டில் ஓயாமல் இருந்தது. அக்கா குசினிக்குள் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவாள்.

சுபாவுக்கு நாலரை வயதானபோது ஒரு புதிய வழி கண்டுபிடித்தார். எது வேண்டுமென்றாலும் பேர் சொல்லிக் கேட்டால்தான் கொடுப்பது. அக்கா சம்மதிக்கவில்லை, அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிடுவாள். ஒரு கோடைச் சனிக்கிழமை அவள் பிஸ்கற் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தாள். அன்று நடந்ததை அத்தானே எனக்குச் சொன்னார். பிள்ளை வியர்த்து வந்து தண்ணிக் குழாயைக் காட்டியது. அவர் கோப்பையில் தண்ணி நிறைத்துக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி" என்று சொல்லச் சொன்னார். பிள்ளை கோப்பையைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. அழவில்லை, கால் உதைக்கவில்லை. திரும்பிப் பின் வளவுக்குப் போனது. கோபம் போலிருக்கு, கொஞ்சத்தில் வரும் என்று அவர் கதிரையில் இருந்தார். அந்த ஒருமுறைதான் அவர் பொறுத்திருந்தது.

எழும்பிப் போய்ப் பார்த்தபோது, மரத்துக்கென்று பசளை கரைத்து வைத்த வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். சத்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தாளே தவிர உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தொழிற்சாலைத் தொப்பியோடு கட்டிலருகே இருந்தாள். அத்தான் வெளியே நடைபாதையில் சுவரோடு ஒட்டி நின்றார். டொக்டர் கேட்டபோது, பிள்ளை தவறிக் குடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. கோப்பையில் தண்ணி வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்ததை, டொக்டருக்கும் தாதிக்கும் பிறகு அக்காவுக்கும் ஒரே மாதிரி, ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

அக்கா அவரைத் திட்டவில்லை. அவள் சொன்னது ஒன்றுதான். "இனி என்ரை பிள்ளையிட்டை நீங்கள் ஒண்டும் கேக்கப்படாது."

அவர் கேட்கவில்லை. மட்டைகளைக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டார். மரத்தின் பக்கமும் போகவில்லை. அது செத்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கிண்ட ஆள் இல்லாமல் இரண்டு வருஷம் நட்ட உயரத்திலேயே நின்று, பிறகு ஒரு வசந்தத்தில் இரண்டு சாண் நீளத்துக்குப் புதுக்கொப்பு விட்டது. அப்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவர் அந்த வீட்டில் இல்லை.

அது ஏன் என்று சொல்கிறேன். ஐந்து வயதில் சுபா பள்ளிக்கூடம் போனாள். பாதி வருஷம் முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டபோது, அத்தானும் வந்தார், துணைக்கு என்னையும் அக்கா அழைத்துப்போனாள். ரீச்சர் இளம்பெண். உங்கள் மகள் நல்ல கெட்டிக்காரி, வகுப்பில் கொஞ்சம் கதை கூடிப்போச்சு, வீட்டிலும் சொல்லிவையுங்கள் என்றாள். வேறு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து நான் பேரைத் திருப்பிச் சொன்னேன். ஓம், சுபாவேதான். சேர்ந்து சில கிழமையிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டாளாம். இங்கிலிஷில்.

அத்தான் முதலில் சிரித்தார். மேசையில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு, எவ்வளவு காலமாக என்று கேட்டார். மாதக் கணக்கு என்று ரீச்சர் சொன்னதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவ்வளவு மாதமும் பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலில் கதையை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது.

சில நாட்களின் பின் பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவுக்கு ரெலிபோன் வந்தது. யாரோ ஓர் ஆசியக்காரர் மதிய இடைவேளையில் வேலிக்கு வெளியே வந்து நின்று பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார், மற்றத் தாய்மார் பயப்படுகிறார்கள், தான் உங்கள் கணவர் என்று சொல்கிறார், உண்மையா என்று கேட்டார்கள். அத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய் நின்றிருக்கிறார். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். வகுப்புக்குள்ளே வந்து இருங்கள் என்று கூப்பிட்டாராம். அவர் போகவில்லை. நான் உள்ளே போனால் அவள் நிறுத்திவிடுவாள் என்றாராம்.

அதைச் சொல்லும்போது அத்தான் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். சிநேகிதிகள் கயிறடிக்க, சுபா பக்கத்தில் நின்று பெரிய குரலில் எண்ணிக்கொண்டிருந்தாளாம். குரல் கொஞ்சம் கரகரப்பு, அவருடைய தாயின் குரல் மாதிரி என்றார். பிறகு சுபா நிமிர்ந்தாள். வேலிக்கு வெளியே அவரைக் கண்டாள். எண்ணிக்கை பாதியில் நின்றது. கயிறு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு பிள்ளை எண்ணத் தொடங்கியது. இதைச் சொன்னபோது வாழ்க்கையில் முதல்முறையாக அத்தான் பச்சை விளக்கில் காரை எடுக்காமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ண் அடித்தார்கள்.

அடுத்த மாதம் வடக்கே, ரெயினில் நாலு மணித்தியாலத் தூரத்தில், ஓர் அணைக்கட்டு வேலைக்கு மாற்றம் கேட்டு எடுத்துக்கொண்டார். வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு போவது என்று ஏற்பாடு. அக்கா மறித்தாள், அழுதாள். எவ்வளவு காலத்துக்கு என்று இந்த முறை அவள்தான் கேட்டாள்.

"தெரியாது," என்றார். "நான் இல்லாத இடத்திலை பிள்ளை கதைக்குதெல்லோ. இந்த வீடும் அப்பிடி ஒரு இடமா இருக்கட்டும்."

மெல்பேர்ணில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். இரண்டுபேரும் பிரிந்துவிட்டார்கள் என்ற கதை கெதியாகப் பரவியது. பிறந்தநாள் வீடுகளில் அக்காவிடம் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். அவரிடம் நேரே கேட்டவர்களுக்கு, வேலை அங்கே என்றார்.

அவர் போய் இரண்டாம் மாதம் சுபா பொம்மையோடு கதைப்பதை அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பிறகு அக்காவோடு கதைத்தாள். இங்கிலிஷும் தமிழும் கலந்து, எல்லாம் முன்பே தெரிந்தவள்போல, முழு வசனமாக. என்னோடும் கதைத்தாள். வெள்ளிக்கிழமை கேற் திறக்கிற சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். திங்கள் காலை திரும்ப வரும். அத்தான் அதை அறிந்தே இருந்தார். வந்தால் மரக்கறித் தோட்டத்தில் நிற்பார், பேப்பர் வாசிப்பார், பிள்ளை இருக்கிற அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். இந்த வாழ்க்கை மூன்று வருஷத்துக்கு மேல் நடந்தது. காலப்போக்கில் சுபா அவரோடும் கதைத்தாள், தேவையானதை. அவர் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது பேப்பர் வாசித்துக் காட்டியதும் அவள்தான். அது பின்னால் நடந்தது.

அத்தான் என்றதும் எனக்கு வேறொரு நாள்தான் நினைவுக்கு வரும். அவர் மாற்றம் கிடைத்துப் போனதற்கு அடுத்த வருஷத்துக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அத்தானும் நானும் ஹோலில் இருந்தோம். அக்கா குசினிக்குள் அவர் கொண்டுபோவதற்கு இடியப்பம் கட்டிக்கொண்டிருந்தாள். சுபா குசினி மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் வளவுக்குள் நிற்கிறார் என்று நினைத்தாளோ, அல்லது இருப்பது தெரிந்துதான் கேட்டாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

"அம்மா, அப்பா எப்ப போறார்?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. நான் அத்தானைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். எழும்பவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. தினமும் அவளோடு கதைக்கிறவர்போல, சாதாரணக் குரலில், இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார்.

"ஆறு மணி ரெயினுக்கு, குஞ்சு."

கொஞ்ச நேரத்தில் பென்சில் கீறுகிற ஒலி மறுபடி கேட்டது. அத்தான் எழும்பிப் பையை எடுத்தார். நாலு மணிக்கும் ஒரு ரெயின் இருக்கு, ஸ்ரேஷனுக்குக் கொண்டுபோய் விடும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். இடியப்பப் பார்சலை நீட்டிய அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்ரேஷனில் நான் காரை நிறுத்தியதும் இறங்கினார், பையைத் தோளில் மாட்டினார், கதவைச் சாத்தப் போனவர் குனிந்து உள்ளே பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு நிறைவு.

"தமிழிலதான் கேட்டவள், என்ன?" என்றார்.